பனிமூட்டம் இல்லாத மாதம்

அம்மா காலையில் தேயிலை மலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் சாயங்காலம் நிரம்பியபடியே வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கவனித்துவிட்டு, அடுத்த நாள் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு அனுப்பினேன். அன்று பின்னேரம் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவின் முன்னால் இருக்கும் இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா கூடையை இறக்கி வைத்ததும், முதலில் போத்தலைத்தான் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

“தண்ணி குடிச்சியாம்மா?”

“குடிச்சேன், குடிச்சேன்.”

“கோடு போட்ட எடத்துலயே நிக்குது.”

“முடிஞ்சிருச்சுன்னு வரும்போது பீலியில விழுற தண்ணிய ரொப்பிக்கிட்டேன்.”

“கரெக்டா கோட்டு மட்டத்துக்கா?”

அம்மா தலைத்துண்டை உதறிக்கொண்டே சிரித்தாள். “டீச்சர் வேலைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்க பாப்பா. எனக்கு டெஸ்ட் வைக்காத.”

சிரித்த உதடுகள் வெடித்திருந்தன. வந்த களைப்பில் உட்காருவாள் என்று பார்த்தால், உட்காரவில்லை. நேரே லயத்துக் கடைசியில் இருக்கும் கக்கூசுக்குப் போய்விட்டு வந்தாள். வந்த பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பகல் முழுக்க வெயிலில் நின்றவள், வெயில் இறங்கிய பிறகு குடித்தாள். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

நான் விளையாட்டுக்காகக் கோடு போடவில்லை. ஓகஸ்ட் விடுமுறை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அம்மா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மயங்கி விழுந்தாள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மடுல்சீமைப் பக்கம். வாரநாட்களில் அங்கேயே ஒரு அறையில் தங்கியிருக்கிறேன். போன் வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, நான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலை செய்கிறார். அவருக்கு விஷயத்தை மெதுவாகத்தான் சொன்னேன்.

வைத்தியர் ஒரு சிங்களப் பெண். அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். உடம்பில் நீர் வற்றிப் போயிருக்கிறது. நீர்க்கடுப்பு முற்றியிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி வற்ற விட்டால் சிறுநீரகம் தாங்காது. வெயிலில் போகக் கூடாது. போனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

“வெயில்ல போகாம எப்படிக் கொழுந்து எடுக்கிறதுன்னு டொக்டர் நோனாகிட்ட கேளு,” என்றாள் அம்மா, படுத்தபடியே.

அம்மா என்ன சொல்கிறார் என்று வைத்தியர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

அந்த வார்டில் எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பலர் இருந்தார்கள். வைத்தியர் பேசும்போது தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து “என்னா சொன்னாங்க?” என்று கேட்பவர்கள். அன்று பின்னேரம் வரை மூன்று நான்கு கட்டில்களுக்கு நான் போய் நின்று பேசிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா நான்காம் வகுப்பு. அம்மா கையெழுத்துப் போடுவாள், அதுவும் நான் பழக்கியது. என் தாய்க்காக நான் வைத்தியரின் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

சிறுநீரகம் தாங்காது என்ற அந்த ஒரு வசனம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் ஊவா மலைப்பக்கம் வெயில் காலம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். மலை, குளிர், கம்பளி என்றுதான் அவர்கள் எங்களை நினைக்கிறார்கள். நாங்களே அப்படித்தான் நினைக்கிறோம். வெயில் என்பது மொனராகலைக்கும் மட்டக்களப்புக்கும் உரியது, நமக்கு எதற்கு என்று இருக்கிறோம். ஆனால் ஆடி, ஆவணியில் மேற்குப் பக்கம் மழை கொட்டும்போது, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது கச்சான் காற்று மட்டும்தான். ஈரமில்லாத காற்று. தேயிலையின் வாசனை கூடுவது அந்தக் காற்றில்தான் என்பதால் தொழிற்சாலை அந்த மாதங்களில் ஓய்வதில்லை, மலைக்குப் போகிறவர்களும் ஓய முடியாது. சமீப வருடங்களாக வெயிலும் கூடிவிட்டது. பீலியில் தண்ணீர் விரல் தடிப்புக்கு விழுகிறது. வெப்பம் கூடும், கவனம் என்று காலையிலேயே போனுக்கு அறிவித்தல் வருகிறது.

அந்த அறிவித்தலை நான் வாசித்துக் காட்டினால் அம்மா சொல்வாள்: “காத்து அடிக்குதே பாப்பா. எங்க வெயிலு? ஒரு சொட்டு வேர்வை பாரு எம்மேல!”

அதுதான் அந்தக் காற்றின் ஏமாற்று. வேர்வை வரும்போதே அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், ஆனால் தோல் காய்ந்து குளுகுளு என்று இருக்கும். கழுத்தில் உப்புப் பூத்திருப்பதை விரலால் தடவிக் காட்டினேன். “இது என்னா? பவுடரா?” என்றேன். அம்மா என் விரலைத் தட்டிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டினாள்.

கோடு போட்ட மறுநாள் சோறு கொண்டுபோகும் சாக்கில் நானும் மலைக்குப் போனேன். எங்கள் தோட்டம் தெமோதரைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அன்று கொழுந்து எடுத்தது எட்டாம் நம்பர் மலையில். கீழே ரயில் பாதை, அதற்குக் கீழே ரோடு, எதிரே இன்னொரு மலை, அதில் வீடுகள். பக்கத்துத் துண்டில் செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். செடிகள் முழங்கால் உயரத்துக்குக் குச்சி குச்சியாக நின்றன. நிழல் என்று சொல்ல அங்கங்கே ஒரு சவுக்கு மரம்.

பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காலுறை, தலையில் துண்டு, அதற்கு மேல் கூடைக் கயிறு என்று நின்றார்கள். இடுப்பில் படங்கு. செடியின் குச்சி குத்தாமலும் ஈரம் படாமலும் இருக்கத் தடித்த ரெக்சின் துணியை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள், அதுதான் படங்கு. மழைக் காலத்தில் அது காப்பாற்றும். இந்த வெயிலில் அதற்குள் உடம்பு வேகும். சாப்பாட்டு நேரம் எல்லோரும் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். எல்லோரிடமும் போத்தல் இருந்தது. யாரும் குடிக்கவில்லை. சோறு இறங்க ஒரு வாய், அவ்வளவுதான். அம்மா போத்தலைத் தூக்கி உதட்டை நனைத்துவிட்டு மூடினாள்.

அப்போது எல்ல ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் வந்தது. வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு போனை நீட்டிப் படம் எடுத்தார்கள், கையசைத்தார்கள். எங்கள் பக்கத்துக் காம்பரா அத்தை எழுந்து நின்று ராணி மாதிரிக் கையை ஆட்டினாள்.

“எறங்கி வா ராசா! ஒரு கூடை எடுத்துக் குடுத்துட்டுப் போ! சும்மா சும்மா படம் புடிச்சா ஆச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த அத்தை அம்மாவோடு ஒரே நாளில் தோட்டத்தில் பேர் பதிந்தவள். வாயை மூடியிருந்தால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

எனக்கு அந்த நேரம்தான் அடிவயிறு முட்டியது. அம்மாவுக்குக் குடித்துக் காட்டுகிறேன் என்று காலையிலிருந்து ஒரு போத்தலை முடித்திருந்தேன். மெதுவாக அம்மாவின் காதில் கேட்டேன்: “ஒண்ணுக்குப் போகணும்மா. எங்க போறது?”

அத்தைக்குக் காது கூர்மை.

“வாங்க டீச்சர், வாங்க! எங்க வேணாலும் போகலாம். அந்தா ரோட்டுல பஸ்ஸு போகுது, அவங்களுக்குத் தெரியும். இந்தா ரயில் போகுது, அவங்க போட்டோ எடுப்பாங்க. எதிர்த்த மலையில சீமான்க இஸ்தோப்புல ஒக்காந்திருக்காங்க. மேல கங்காணி. உங்களுக்கு எது வசதி?”

மறுபடி சிரிப்பு. சிரிப்பு அடங்கியபோது ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு அம்மாதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். மற்ற மாதங்களில் பனிமூட்டம் இறங்கும். ரெண்டு செடி தள்ளிப் போனாலே ஆள் தெரியாது. கானில், அதாவது மலையில் மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் பள்ளத்தில், இறங்கி உட்கார்ந்தால் கடவுளுக்கும் தெரியாது. இந்த மாதத்தில் மூட்டம் கிடையாது. உலகமே கண்ணாடி மாதிரித் தெரியும். போன வருடம் கானில் ஒருத்தி உட்கார்ந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் தும்பி மாதிரி ஒன்று இரைந்துகொண்டு வந்து நின்றதாம். கேமரா உள்ள தும்பி. அன்றிலிருந்து பகலில் யாரும் குடிப்பதில்லை. விடியக்காலையில் ஒரு பிளேன்டீ. பிறகு சாயங்காலம்.

“பழகிப் போச்சு,” என்றாள் அம்மா.

நான் அரை மணித்தியாலம் மலையிறங்கி லயத்துக்கு ஓடினேன். ஓடும்போது கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று வைத்தியர் சொன்னார், அறிவித்தல் சொன்னது, நானும் சொன்னேன். குடித்தால் எங்கே போவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் மடுவத்தில் கங்காணியைப் பிடித்தேன். கங்காணி என்றால் கம்பு வைத்துக்கொண்டு அதட்டுகிறவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் கங்காணி பெண்கள் சாப்பிடும்போது வேறு பக்கம் பார்த்து நிற்கும் கூச்சக்காரர்.

“கங்காணி மாமா, மேல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “கேட்டேன் தாயி. இன்னைக்கு எட்டாம் நம்பரு, அடுத்த வாரம் பதினொண்ணு, அப்புறம் மூணு. மலை மாறிக்கிட்டே இருக்கே, எந்த மலையில கட்டுறதுன்னு கேக்குறாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்த சொல்ல? அவங்க சொல்றதும் ஒரு வகையில நியாயந்தானே.”

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தப் பதிலே தலைக்குள் ஓடியது. மலை மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் மறைவும் கூடவே நடந்து வர வேண்டும்.

உரச் சாக்குகள் லயத்தில் எல்லா வீட்டிலும் கிடக்கும். நாலு சாக்கைக் கழுவிக் காய வைத்து, வாய் பிரித்து, ஒன்றோடு ஒன்று நீளமாகத் தைக்க உட்கார்ந்தேன். இரண்டு நுனியிலும் கயிறு. இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில், கானுக்குக் குறுக்கே கட்டலாம். மரம் இல்லாத இடத்தில் கம்பு ஊன்றலாம். வேலை முடிந்தால் பாய் மாதிரிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரலாம். அந்த முதல் சாக்கு வெயிலில் பொடிந்து போய், இப்போது இருப்பது நீலப் படங்குத் துணியில் தைத்தது. மேலேயும் மூடி இருக்கிறது, தும்பிக்காக. பெண்கள் முறை வைத்துத் தூக்குகிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது முதல் சாக்கைப் பற்றி.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “யாரு தூக்கிட்டு வர்றது இத?”

“நாந்தான். லீவு முடியிற வரைக்கும்.”

“டீச்சரா இருக்குற மக கக்கூசு தூக்கிட்டு மலை மலையா திரியுறான்னு பேசட்டும்னா? நீ இந்த மலை ஏறாம இருக்கணும்னுதானே நான் ஏறுனேன். இதுக்காடி படிக்க வச்சேன்?”

“இதுக்கும்தாம்மா,” என்றேன்.

அம்மாவுக்கும் பெருமை இருக்கிறது. நான் சேலை கட்டி, கையில் பையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகிற அவள் சும்மாவாவது வந்து என் முந்தானையைச் சரி செய்வாள். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சரி செய்வாள். அந்த மகள் உரச் சாக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாக்கின் மறுமுனையை இழுத்துப் பிடித்தாள். நான் தைக்கத் தைக்க, சுருங்காமல் நகர்த்திக் கொடுத்தாள்.

“புடிக்கிறேன். ஆனா நான் அதுக்குள்ள போக மாட்டேன். சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் மலையேறினேன். கூடவே ஒரு பெரிய போத்தலில் தண்ணீர், தேசிக்காய் பிழிந்து, கொஞ்சம் உப்பும் சீனியும் போட்டு. எட்டாம் நம்பரின் மேல் ஓரத்தில் இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவில் சாக்கைக் கட்டினேன். கட்டி முடித்துத் திரும்புவதற்குள் கச்சான் ஒரு மூச்சு விட்டது. சாக்கு தலைக்கு மேல் கொடி மாதிரிப் பறந்தது.

அத்தைக்கு அது போதும். “நல்ல காலம், உள்ள ஆள் இல்ல! இல்லாட்டி ரயில் நின்னு போயிருக்கும்.”

“கல்லு வைப்போம் அத்தை.”

“கல்லு எதுக்கு? தொரை பங்களாவுக்குக் காவக்காரன் இருக்கான்ல, நம்ம பங்களாவுக்கும் நிப்பாட்டுவோம்.”

அந்த நிமிஷத்திலிருந்து அதற்குப் பங்களா என்று பெயர். பெயர் வைத்தார்களே தவிர, யாரும் போகவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி “நீ போயேன்,” “நீங்க மூத்தவங்க, நீங்க போங்க மதினி,” என்று சிரிப்பதோடு சரி. போத்தல்களும் மூடியபடியே கிடந்தன. அம்மா என் பக்கமே திரும்பாமல் நிரையில் நின்று கொழுந்து எடுத்தாள்.

வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்பே அது நடந்தது. அம்மாவின் கை வேகம் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கையும் செடி மேல் ஓடும், பின்னால் கூடைக்குப் போகும், வரும். அந்தக் கைகள் மெதுவாகின. பிறகு ஒரு செடியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். தலை குனிந்திருந்தது.

“அம்மா?”

“ஒண்ணுமில்ல. கண்ண இருட்டுது.”

நான் செடிகளுக்குள் புகுந்து ஓடினேன். குச்சிகள் கால் முழுக்கக் கீறின, அது பிறகுதான் தெரிந்தது. அத்தையும் நானுமாகக் கூடையை இறக்கி, அவளைச் சவுக்கு மரத்தடிக்கு நடத்திக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். படங்கின் முடிச்சை அவிழ்த்தேன். அதற்குள்ளிருந்து வந்த சூடு என் முகத்தில் அடித்தது. காலுறையைக் கழற்றி, தலைத்துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்திலும் நெஞ்சிலும் போட்டேன். கால்களைக் கூடையின் மேல் தூக்கி வைத்தேன். கங்காணி மாமா ஓடி வந்தார், அம்மா சட்டைப் பொத்தான் திறந்து கிடப்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நின்றுகொண்டார். திரும்பி நின்றபடியே, “த்ரீவீலுக்குச் சொல்லவா தாயி?” என்றார்.

“சொல்லுங்க மாமா. ரோட்டுல வந்து நிக்கட்டும்.”

அம்மாவுக்கு நினைவு இருந்தது. என் பெயரைச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். என்ன கிழமை என்று கேட்டேன். “லூசு மாதிரி கேக்காத,” என்றாள். எனக்கு உயிர் வந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு போத்தலை உதட்டில் வைத்தேன்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

“குடிம்மா.”

தலையை ஆட்டினாள். “வேணாம். சாயந்தரம் வரைக்கும் தாங்கணும்.”

“நீ சாயந்தரம் வரைக்கும் இங்க இருக்கப் போறதில்ல. குடி.”

“எல்லாரும் நிக்கிறாங்க பாப்பா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவ்வளவு நேரமும் அவள் கண் பறந்துகொண்டிருந்த சாக்கின் மேல்தான் இருந்தது.

வைத்தியர் சொன்ன அந்த வசனம் என் தொண்டை வரை வந்தது. அதை அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. பயம் காட்டிப் பிரயோசனம் இல்லை. அவள் பயந்தது சாவுக்கு இல்லை.

நான் என்னுடைய சொந்தப் போத்தலை எடுத்து, அவள் பார்க்க, மூச்சு விடாமல் குடித்தேன். காலையிலிருந்தே எனக்கு முட்டிக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் தலையை அத்தையின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தேன்.

“நான் பங்களாவுக்குப் போறேன். காவலுக்கு யாரு வர்றீங்க?”

நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். சாக்கின் கீழ் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மேல் நுனியைக் கையால் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி வட்டமாக நின்றார்கள். நான் கானில் உட்கார்ந்த நேரம் பார்த்துப் பதுளைப் பக்கமிருந்து ரயில் ஊதியது. பெண்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள். உரத்தின் வாசனையும் வெயிலில் காய்ந்த மண்ணின் வாசனையும். சாக்குக்கு வெளியே அத்தையின் குரல்:

“போங்கடா, போங்கடா, திரும்பிப் பாக்காம போங்க! எங்க டீச்சர் பங்களாவுல இருக்கு!”

மலையே சிரித்தது. உள்ளே உட்கார்ந்தபடி நானும் சிரித்தேன். வெளியே வந்தபோது என் முகம் தீயாகக் காந்தியது, வெயிலால் மட்டும் இல்லை. ஆனால் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அம்மா அத்தையின் மடியில் கிடந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். “மானத்த வாங்கிட்டியே பாப்பா,” என்றாள். பிறகு கையை நீட்டினாள். போத்தலுக்காக.

ஒரேயடியாகக் குடிக்க விடவில்லை. ஒரு மடக்கு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு மடக்கு. தேசிக்காய்த் தண்ணீர் தொண்டையில் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தன் தலைத்துண்டால் விசிறிக்கொண்டே, “எனக்கும் ஒரு வாய் வைப்பீங்களா, எல்லாத்தையும் தாயும் மகளுமே குடிச்சிருவீங்களா?” என்றாள். சொல்லிவிட்டுத் தன் போத்தலையே திறந்து குடித்தாள். கவ்வாத்து ஓரத்தில் இன்னும் யாரோ மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வெட்கப்படுவார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவின் முகத்துக்கு நிறம் திரும்பியது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், சூடு தணிந்திருந்தது. கீழே ரோட்டில் த்ரீவீல் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அன்று அவளுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடும்படி மடுவத்தில் தானே சொல்வதாகக் கங்காணி மாமா சவுக்கு மரத்தைப் பார்த்துச் சொன்னார். எழுந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். மெதுவாக நின்றாள். என் தோளில் கை போட்டு இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

“என்னாம்மா? மறுபடி இருட்டுதா?”

“இல்ல.” சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். “ஒண்ணுக்கு வருது.”

அம்மா மடுவத்தில் விழுந்த அன்று இரவு ஆஸ்பத்திரியில் தாதி திரும்பத் திரும்ப வந்து கேட்டது இதைத்தான். உடம்பில் நீர் திரும்பி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சொன்னார். ஒரு மகள் தன் தாயின் வாயிலிருந்து இந்த இரண்டு சொல்லைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன்.

யாரையும் கூப்பிட வேண்டாம், நீ மட்டும் நில்லு என்றாள். கை பிடித்துக் கானுக்குள் இறக்கிவிட்டேன். சாக்கின் கீழ் நுனியை இரண்டு காலாலும் மிதித்து, மேல் நுனியைக் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி நின்றேன். எதிர் மலை, ரோடு, பாதை எல்லாம் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தன. காற்று என் இரண்டு கையையும் பிடுங்கப் பார்த்தது.

“இருக்கியா பாப்பா?”

“இருக்கேம்மா.”

“காத்து தூக்குது.”

“தூக்காது. மிதிச்சுக்கிட்டிருக்கேன்.”

பெண்கள் வேண்டுமென்றே உரக்கப் பேசிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். அத்தை யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குப் பின்னால் அம்மா சேலையைச் சரி செய்கிற சத்தமும், ஒரு நீண்ட மூச்சும் கேட்டன.

“அந்தப் போத்தல்ல தண்ணி மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள்.